ஐரோப்பிய மலைகளின் வெள்ளி ஃபிர்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நத்தார் நெருங்க நெருங்க எங்கள் பகுதியில் ஊசியிலை மரங்களைப் பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. மாணவர்கள் உயிரியல் பாடத்துக்காகக் கேட்கிறார்கள். பிள்ளைகள் சுவிசிலும் ஜேர்மனியிலும் வாழும் பெற்றோர், அங்கிருந்து வந்த படங்களைக் காட்டிக் கேட்கிறார்கள். முற்றத்தில் ஒன்றை நட்டுவிட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களும் உண்டு. இவற்றில் பெரும்பாலான கேள்விகள் ஒரே மரத்தைச் சுற்றியே அமைகின்றன. அது மத்திய ஐரோப்பிய மலைகளில் வளரும் வெள்ளி ஃபிர். தாவரவியல் பெயர் ஏபிஸ் அல்பா.

இந்த மரத்தின் இலை, வேர், கூம்பு, பொறுமை எல்லாம் மலையில் வாழ்வதற்காக அமைந்தவை. மலையை மறந்துவிட்டு மரத்தை மட்டும் பார்த்தால் அதன் அருமை விளங்காது. ஆகவே கீழேயுள்ள விடைகள் எங்கே தொடங்கினாலும் மலைக்கே திரும்பிப் போகும்.

வெள்ளி ஃபிர் இயற்கையாக எங்கே வளர்கிறது?

மேற்கே பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலைகளில் தொடங்குகிறது. அல்ப்ஸ், ஜூரா, பிரான்சின் வோஜ் மலைகள், ஜேர்மனியின் கருங்காடு என்று நீண்டு, கிழக்கே போலந்திலிருந்து ருமேனியா வரை வளைந்து செல்லும் கார்ப்பேத்தியன் மலைகளில் முடிகிறது. தெற்கே கோர்சிக்கா தீவிலும், இத்தாலியின் காலடியான கலாப்ரியாவிலும், வட கிறீசிலும் உண்டு.

பெரும்பாலும் 500 மீற்றருக்கும் 1,700 மீற்றருக்கும் இடைப்பட்ட சரிவுகளே அதற்கு உகந்தவை. எங்கள் மாவட்டத்துக் குடும்பிமலையின் உச்சி 534 மீற்றர். அந்த உச்சியின் மட்டத்தில்தான் இந்த மரம் அங்கே மெல்லத் தலைகாட்டத் தொடங்குகிறது. குளிர்ந்த ஈரக் காற்று, ஆழமான மண், ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் மழை ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். மழையின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் மட்டக்களப்பில் குறைவில்லை. ஆனால் இங்கே மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் வெடிக்கிறது. அந்த மாதங்களை ஃபிர் தாங்காது.

எவ்வளவு உயரம் வளரும்? எத்தனை ஆண்டு வாழும்?

நல்ல மண்ணில் 50 மீற்றர் வரை வளர்வது வழக்கம். 60 மீற்றரை எட்டிய மரங்களும் உண்டு. முகத்துவாரத்து வெளிச்சவீட்டின் உயரம் 28 மீற்றர். அதன் மேல் இன்னொரு வெளிச்சவீட்டை வைத்தால் வரும் உயரத்தை மனதில் கொள்ளுங்கள். அடிமரத்தின் விட்டம் ஒன்றரை மீற்றரைத் தாண்டக்கூடும். ஆயுள் 500 ஆண்டுக்கு மேல்.

இளமையில் மரம் கூராக, கூம்பு வடிவில் நிற்கும். முதுமையில் உச்சிக் குருத்தின் வளர்ச்சி தளர்ந்துவிடும், பக்கக் கிளைகள் அதை எட்டிப்பிடித்துவிடும். அப்போது உச்சி தட்டையாகிவிடுகிறது. அந்நாட்டு வனத்துறையினர் அதை நாரைக்கூடு என்று அழைக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தே முதிர்ந்த ஃபிர் எது என்று சொல்ல இந்தத் தட்டை உச்சி போதும்.

ஃபிர், ஸ்புரூஸ், பைனஸ் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? எப்படி வேறுபடுத்துவது?

கையில் ஒரு சிறு கிளை கிடைத்தால் போதும், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

முதலில் ஊசிகள் கிளையில் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். பைனஸில் அவை கொத்தாக முளைக்கும். எங்கள் மலையகத்தில் பரவலாக நடப்பட்டிருக்கும் கரீபியன் பைனஸில் பெரும்பாலும் ஒரு கொத்துக்கு மூன்று நீண்ட ஊசிகள். ஃபிரிலும் ஸ்புரூஸிலும் ஊசிகள் தனித்தனியாக, குட்டையாக இருக்கும்.

அடுத்து ஓர் ஊசியை விரல்களுக்கிடையே வைத்து உருட்டுங்கள். ஸ்புரூஸ் ஊசிக்கு நான்கு பக்கங்கள் இருப்பதால் உருளும். ஃபிர் ஊசி தட்டையானது, உருளாது. ஸ்புரூஸ் ஊசியின் நுனி குத்தும். வெள்ளி ஃபிரின் நுனியோ மழுங்கி, நடுவில் சிறிது பிளந்திருக்கும். நீளம் ஏறக்குறைய 2 முதல் 3 சென்றிமீற்றர். நிழலில் வளரும் கிளைகளில் ஊசிகள் இரு பக்கமும் சீப்புப் பற்கள் போல ஒழுங்காகப் படிந்திருக்கும்.

ஊசியைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. அடிப்புறத்தில் இரண்டு வெண்கோடுகள் நீளவாக்கில் ஓடும். அவை இலைவாய்கள், அதாவது இலை சுவாசிக்கும் நுண்துளைகள், வரிசையாக அமைந்த இடங்கள். அவற்றின் மேல் படிந்த மெழுகுதான் வெண்மையாகத் தெரிகிறது. எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்த அடையாளம் இதுதான். மழைநீர் இலைவாயை அடைக்காமலும், உள்ளிருக்கும் ஈரம் வீணே வெளியேறாமலும் அந்த மெழுகு காக்கிறது.

இன்னும் ஐயம் இருந்தால் ஊசியைக் கிளையிலிருந்து பிய்த்துவிடுங்கள். ஃபிரில் வட்டமான, சமதளத் தழும்பு ஒன்று மட்டுமே எஞ்சும். கிளையைத் தடவினால் வழவழப்பாக இருக்கும். ஸ்புரூஸ் கிளையில் ஒவ்வோர் ஊசியும் நின்ற இடத்தில் ஒரு சிறு முளை துருத்தி நிற்பதால் சொரசொரப்பாக இருக்கும். பனிக்காலத்திலும் கோடையிலும் ஒரேபோல் பயன்படும் அடையாளம் இது.

ஃபிர் ஊசியைக் கசக்கினால் தோடம்பழத் தோலின் வாசனை மெல்ல எழும். இரண்டிலும் லிமோனீன் என்ற நறுமண எண்ணெய்ப் பொருள் இருப்பதே காரணம். பட்டை வெள்ளிச் சாம்பல் நிறமாக, இளமரத்தில் மிருதுவாக இருக்கும். அங்கங்கே சிறு கொப்புளங்கள் தெரியும். அவற்றுக்குள் தெளிந்த பிசின் இருக்கிறது.

மகன் சூரிச்சிலிருந்து கூம்புகள் கொண்டுவந்தான். ஃபிர் மரத்தடியில் பொறுக்கியதாகச் சொல்கிறான். அவை ஃபிர் கூம்புகளா?

முழுக் கூம்பாக இருந்தால் அநேகமாக ஸ்புரூஸ் கூம்புகள். இரண்டு மரங்களும் ஒரே காட்டில் பக்கத்தில் பக்கத்தில் வளர்வதால் இப்படி நேர்வது இயல்பு.

ஃபிர் கூம்புகள் கிளையிலிருந்து தொங்குவதில்லை. மரத்தின் உச்சிக் கிளைகளில், மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. நீளம் 10 முதல் 16 சென்றிமீற்றர் வரை. செதில்களுக்கிடையே பூவடியிலைகள் என்ற சிற்றிலைகளின் கூரிய நுனிகள் வெளியே நீட்டி, கீழ்நோக்கி வளைந்திருக்கும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கூம்பு முதிர்ந்ததும் செதில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, சிறகுள்ள விதைகளோடு காற்றில் பறந்துவிடும். கிளையில் எஞ்சுவது நடுத்தண்டு மட்டுமே. ஆகவே ஃபிர் மரத்தடியில் செதில்களும் விதைகளும் கிடைக்கும், முழுக் கூம்பு கிடைப்பது அரிது. அணில் கடித்துத் தள்ளினாலோ புயல் கிளையை முறித்தாலோதான் முழுதாக விழும். ஸ்புரூஸ் கூம்பு கீழ்நோக்கித் தொங்கி, முழுதாகவே உதிர்கிறது.

மகனிடம் இருப்பது ஸ்புரூஸ் கூம்பு என்றாலும் அழகில் குறைந்ததல்ல. அலுமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கடற்கரைச் சவுக்கும் இதே குடும்பமா?

இல்லை. தோற்றத்தில் மட்டுமே ஒற்றுமை. ஃபிர் வித்துமூடியிலி. அதாவது அதன் விதை பழத்துக்குள் மூடப்பட்டிருப்பதில்லை, கூம்பின் செதில் மேல் வெளிப்படையாக அமர்ந்திருக்கிறது. சவுக்கு பூக்கும் தாவரம். வகைப்பாட்டில் ஐரோப்பாவின் ஓக் மரத்துக்குத்தான் அது நெருங்கிய உறவு. ஃபிருக்கும் அதற்கும் வெகு தூரம்.

சவுக்கில் ஊசி போலத் தெரிவதும் இலை அல்ல. அது பச்சைத் தண்டு. ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றிக் கண்ணுக்கு எட்டாத அளவில் சிறு செதில்கள் வட்டமாக இருக்கும். அவையே உண்மையான இலைகள். சவுக்கங்காய் என்று பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவது பல பழங்கள் சேர்ந்த தொகுதி. வேரில் தங்கும் ஒருவகை நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால், வெறும் கடல் மணலிலும் சவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஃபிருக்கு அந்த வசதி கிடையாது. அதன் வேருடன் கூடி வாழும் பூஞ்சணங்களும் ஆழமான வன மண்ணுமே அதற்கு ஊட்டம்.

உறைபனியில் இலை உதிராமல் எப்படி உயிரோடு இருக்கிறது?

பனிக்காலத்தில் மரத்துக்குக் குளிரைவிடப் பெரிய ஆபத்து தாகம். நிலத்தில் நீர் உறைந்திருக்கும்போது வேரால் உறிஞ்ச முடியாது. அந்த நேரத்தில் அகன்ற மெல்லிய இலைகள் இருந்தால் மரம் காய்ந்துவிடும். அதனால்தான் அங்குள்ள பல மரங்கள் இலையுதிர்த்துவிடுகின்றன. ஃபிர் இலையை உதிர்க்காமல் இலைவாய்களை இறுக மூடிக்கொள்கிறது. தடித்த தோலும் மெழுகும் எஞ்சிய நீரைக் காக்கின்றன. கலங்களுக்குள் சர்க்கரையின் செறிவு கூடுவதால் உள்ளிருக்கும் நீர் எளிதில் உறைவதில்லை. இப்படிக் காத்த ஓர் ஊசி எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை கிளையில் இருந்து உழைக்கும்.

இந்தத் தாங்குசக்தி ஒரே நாளில் வருவதில்லை. பகல் குறுகி, குளிர் படிப்படியாக ஏறும் வாரங்களில்தான் மரம் தன்னைத் தயார்செய்கிறது. வசந்தத்தில் அரும்பு விரிந்த பிறகு திடீரென உறைபனி வந்தால் இளந்துளிர்கள் கருகிவிடும். வெள்ளி ஃபிருக்கு அது பெரிய பலவீனம். பெரிய மரங்களின் நிழலில் நிற்கும் கன்றுகள் அந்தப் பனியிலிருந்து தப்பிவிடுகின்றன.

நிழலில் எந்த மரக்கன்றும் செத்துவிடுமே. ஃபிர் மட்டும் எப்படித் தாங்குகிறது?

இந்த மரத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஐரோப்பாவின் மரங்களில் நிழலை இவ்வளவு தாங்கக்கூடியவை மிகச் சில. தாய்மரங்களின் கீழே, வெயில் கீற்றுகூட அரிதாக விழும் இடத்தில் ஃபிர் விதை முளைக்கிறது. உயரத்தைத் தேடி ஓடுவதில்லை. கிளைகளைப் பக்கவாட்டில் விரித்து, கிடைக்கும் சிறு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு சென்றிமீற்றர் மட்டும் வளர்கிறது. இடுப்பளவு உயரமுள்ள கன்று ஒன்றின் வயது பல பத்தாண்டுகளாக இருக்கும். சில கன்றுகள் நூறாண்டுக்கும் மேலாக அப்படியே நிற்கின்றன. அவற்றின் தண்டை வெட்டினால் வளையங்களை எண்ண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

என்றாவது ஒரு நாள் அருகிலுள்ள முதுமரம் சாய்கிறது. மேலே வானம் திறக்கிறது. அப்போது அந்தக் கன்று சில ஆண்டுகளில் புதிய வெளிச்சத்துக்குப் பழகி, வேகமாக உயரத் தொடங்கிவிடுகிறது. இத்தனை காலம் ஒடுங்கிக் கிடந்த மரத்துக்கு இந்த மீட்சி எளிதாக வருவது வியப்புக்குரியது. பல மர இனங்கள் நீண்ட நிழலுக்குப் பின் வெளிச்சம் கிடைத்தாலும் தேறுவதில்லை.

சுவிசின் எமென்டால் பள்ளத்தாக்கு விவசாயிகள் இந்தக் குணத்தை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் காட்டை முழுவதுமாக வெட்டி மீண்டும் நடுவதில்லை. முதிர்ந்த மரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தெடுத்து வெட்டுகிறார்கள். திறந்த இடத்தில் காத்திருந்த கன்றுகள் எழுகின்றன. ஒரே காட்டில் முழங்கால் உயரக் கன்றும் ஐம்பது மீற்றர் மரமும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சரிவு ஒருநாளும் வெறுமையாவதில்லை. அம்பாறையின் ஒதுக்குக் காடுகளில் முதிரையும் பாலையும் வெட்டப்பட்ட இடங்கள் வெறும் பற்றைக்காடாகிப் போனதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் மதிப்பு உடனே புரியும்.

இன்னொரு விந்தையும் உண்டு. பக்கத்து ஃபிர் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்துவிடும். அதனால் ஒரு மரத்தை வெட்டிய பிறகும் அதன் அடிக்கட்டை, அயல் மரங்கள் ஊட்டும் உணவில் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, வெட்டுவாயைப் புதுப் பட்டையால் மூடிக்கொள்வதைக் காணலாம்.

சூறாவளிக்கு நின்றுபிடிக்குமா?

1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். அன்று எங்கள் தென்னந்தோப்புகள் தோப்பாகவே சாய்ந்தன.

வெள்ளி ஃபிர் இளமையிலேயே ஆணிவேர் விட்டு, பிறகு பக்கவேர்களையும் ஆழமாக இறக்கிவிடுகிறது. கனத்த களிமண்ணையும் துளைத்துச் செல்லும் வலு அந்த வேர்களுக்கு உண்டு. ஸ்புரூஸின் வேர்கள் பல இடங்களில் தட்டுப்போல மேல்மண்ணிலேயே பரவி நின்றுவிடுகின்றன. பெருங்காற்றில் அது வேர்த்தட்டோடு பெயர்ந்து விழும்.

1999 டிசெம்பர் 26 அன்று லோதார் என்ற புயல் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து வழியாகச் சென்றது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே திகதியில்தான் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கியது. லோதாரில் சுவிற்சர்லாந்து மட்டும் ஒரு கோடி கன மீற்றருக்கும் அதிகமான மரத்தை இழந்தது. விழுந்தவற்றுள் பெரும்பங்கு ஸ்புரூஸ். அதன் பிறகு ஸ்புரூஸை மட்டும் நிரையாக நட்ட காடுகளில் ஃபிரையும் பீச் மரத்தையும் கலந்து வளர்க்கும் போக்கு வலுப்பெற்றது.

ஆனாலும் எந்த மரமும் எல்லாக் காற்றுக்கும் நிற்காது. ஃபிரும் சாயும், முறியும்.

மலைக் கிராமங்களுக்கு இந்தக் காடுகளால் என்ன பயன்?

உயிர்ப் பாதுகாப்பு. சரிவில் திரண்ட பனி மொத்தமாக நழுவினால் கீழேயுள்ள வீடுகள் புதைந்துவிடும். அடர்ந்த ஊசியிலைக் காடு பனியைக் கிளைகளில் தாங்கிச் சிறிது சிறிதாகக் கீழே விடுகிறது. நிலத்தில் படிந்த பனி ஒரே பாளமாக இறுகாமல் மரத்தண்டுகள் தடுக்கின்றன. உருண்டுவரும் பாறைகளையும் அவை நிறுத்துகின்றன. சுவிற்சர்லாந்தின் காடுகளில் ஏறக்குறைய பாதி இப்படிக் கிராமங்களையும் பாதைகளையும் காக்கும் காடுகளாகக் கணக்கிடப்படுகின்றன. அண்டர்மாட் என்ற மலையூரில், ஊருக்கு மேலேயுள்ள காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று 1397 இலேயே எழுத்தில் தடை விதித்தார்கள். 1876 இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் மலைப்பகுதிகளின் காட்டுப் பரப்பைக் குறைய விடக்கூடாது என்று ஆக்கியது.

மண்சரிவுக் காலத்தில் மலையகத்தை நினைத்துக் கவலைப்படும் எங்களுக்கு இந்தச் சட்டங்கள் படிக்க வேண்டியவை. காடு வீட்டுச் சுவருக்குச் சமமான பாதுகாப்பு என்பதை அந்த மக்கள் எழுத்தில் பதித்து ஆறு நூற்றாண்டுகள் ஆகின்றன.

பலகை எப்படிப்பட்டது?

வெளிர் நிறம், நேரான நார், குறைந்த எடை. ஒரு கன மீற்றர் காய்ந்த பலகை ஏறக்குறைய 450 கிலோகிராம். எங்கள் பாலைமரம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ளது, நீரில் போட்டால் மூழ்கிவிடும். பைனஸ், ஸ்புரூஸ் பலகைகளில் பிசின் குழாய்கள் உண்டு. ஃபிர் பலகையில் இயல்பாக அவை இல்லை. ஆகையால் பிசின் கசியாது, வாசனையும் இல்லை எனலாம். வீட்டுக் கூரை விட்டங்களுக்கும் உத்திரங்களுக்கும் இன்றும் அது விருப்பமான மரம். நீருக்கடியில் நீண்டகாலம் உழைக்கும். திறந்த வெளியில் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் விரைவில் கெட்டுவிடும். கருங்காட்டின் நெடிய ஃபிர் மரங்கள் முற்காலத்தில் தெப்பங்களாகக் கட்டப்பட்டு ரைன் ஆற்றின் வழியே நெதர்லாந்துக்குப் போயின. அங்கே கப்பல்களுக்கும் அத்திவாரக் கட்டைகளுக்கும் பயன்பட்டன.

பட்டைக் கொப்புளங்களிலிருந்து எடுத்த தெளிந்த பிசின் ஸ்ட்ராஸ்பூர்க் டர்பன்டைன் என்ற பெயரில் ஓவியர்களின் மெருகெண்ணெய்க்குச் சென்றது.

ஃபிர் தேன் என்று கடையில் பார்த்தோம். பூவே இல்லாத மரத்தில் தேன் எப்படி?

கேள்வி சரியானது. ஃபிரின் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது. மதுவுள்ள பூ அதற்கு இல்லை. ஆனால் கிளைகளில் தங்கும் ஒருவகை அசுவுணிப் பூச்சி மரச்சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பு நீரைத் துளித்துளியாக வெளியேற்றுகிறது. தேனீக்கள் அந்தத் துளிகளைச் சேகரித்துத் தேனாக்குகின்றன. நிறம் கரும்பழுப்பு, சிறிது பச்சை கலந்தது. இனிப்பு மிதமானது, எளிதில் உறைவதில்லை. வோஜ் மலைகளின் ஃபிர் தேனுக்குப் பிரான்ஸ் 1996 இல் பிறப்பிடப் பெயருரிமை வழங்கியது. அசுவுணிகள் பெருகாத ஆண்டில் தேனும் இல்லை. நல்ல விளைச்சல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்.

இந்த மரம் அழிந்துவருகிறதா?

உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. ஆனால் துன்பங்கள் உண்டு. 1970, 1980 களில் மத்திய ஐரோப்பாவில் ஃபிர் காடுகள் உச்சி வெளிறி, ஊசி உதிர்ந்து நலிந்தன. நிலக்கரி எரித்த ஆலைகளிலிருந்து வந்த கந்தக வாயு அதற்கு முக்கிய காரணம். புகையை வடிகட்டும் சட்டங்கள் வந்த பின் மரங்கள் மீண்டன. வளையங்களை அளந்தால் அந்த மீட்சியை மரத்துக்குள்ளேயே காணலாம். மனிதர் கெடுத்ததை மனிதரே சட்டத்தால் திருத்த முடிந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றுகள் குறைவு.

இன்று பெரிய தொல்லை மான்கள். ஃபிர் கன்றின் நுனி மான்களுக்கும் மலையாடுகளுக்கும் மிக விருப்பம். ஓநாய்களும் சிவிங்கிப் பூனைகளும் அருகிப்போன இடங்களில் மான் பெருகி, கன்று தலைதூக்க முடியாமல் போகிறது. மெதுவாக வளரும் மரம் என்பதால் பல ஆண்டுகள் மானின் வாய்க்கு எட்டும் உயரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் குருவிச்சைக்கு உறவான ஓர் ஒட்டுண்ணியும் முதிர்ந்த மரங்களின் உச்சியில் குடியேறுகிறது.

பூமி சூடாவதைப் பொறுத்தவரை நம்பிக்கைக்கு இடமுண்டு. 2003, 2018 போன்ற வறண்ட கோடைகளில் ஸ்புரூஸைவிட ஃபிர் நன்றாகத் தாங்கியது. ஏரிப் படிவுகளில் கிடைத்த பழைய மகரந்தம், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் வெப்பமான தாழ்நிலங்களிலும் இந்த மரம் வளர்ந்ததைக் காட்டுகிறது. தீயும் மேய்ச்சலும் அதை அங்கிருந்து விரட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

முதல் நத்தார் மரம் ஃபிர்தானா?

பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள செலெஸ்டா நகரின் 1521 ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், நத்தார் காலத்தில் காட்டு மரங்களைக் காவல் காத்தவர்களுக்குக் கொடுத்த கூலி பதிவாகியிருக்கிறது. 1605 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, வீட்டு அறைகளில் ஃபிர் மரங்களை நிறுத்தி, காகித ரோசாக்களும் அப்பிள்களும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. வோஜ் மலைகளின் அடிவாரம் அது. அயலில் நின்றது வெள்ளி ஃபிர்தான் என்பதால் அந்த வீடுகளுக்குள் வந்ததும் அதுவே என்று கொள்ளலாம்.

இப்போது ஐரோப்பிய வீடுகளில் அதிகம் வைக்கப்படுவது அதன் உறவான நோர்ட்மன் ஃபிர். கோக்கசஸ் மலைகளின் மரம் அது. ஜோர்ஜியாவின் ராச்சா பகுதியில் ஆட்கள் உயர்ந்த மரங்களின் உச்சிவரை ஏறிக் கூம்பு பறிக்கிறார்கள். அந்த விதை டென்மார்க்குக்கும் ஜேர்மனிக்கும் போய், தோட்டங்களில் எட்டுப் பத்து ஆண்டுகள் வளர்ந்த பின்பே ஒரு வரவேற்பறைக்கு வருகிறது. கனடாவிலுள்ள உறவுகள் அனுப்பும் படத்தில் இருப்பது பெரும்பாலும் பால்சம் ஃபிர் அல்லது ஃபிரேசர் ஃபிர்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஃபிர் வளர்க்கலாமா? சித்தி வரும்போது விதை கொண்டுவரச் சொல்லலாமா?

வேண்டாம். முதலாவது காரணம் சட்டம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவசாயத் திணைக்களத்தின் அனுமதியின்றி விதையோ கன்றோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. வெளிநாட்டுப் பூச்சியும் பூஞ்சணமும் விதையோடு வந்து எங்கள் பயிர்களைத் தாக்கிவிடக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. சித்தியை விமான நிலையத்தில் இக்கட்டில் மாட்டிவிட வேண்டாம்.

இரண்டாவது காரணம் மரத்தின் இயல்பு. ஃபிர் விதை முளைக்கும் முன் பல வாரங்கள் ஈரமான குளிரில் கிடக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்கச் செய்துவிடலாம் என்பது உண்மை. அதற்குப் பிறகுதான் துயரம் தொடங்கும். அரும்பு உறங்கி எழுவதற்குக் குளிர்காலம் ஒன்று தேவை. எங்கள் ஊரில் தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் செய்த உணவை வெக்கையான இரவின் சுவாசத்திலேயே கன்று செலவழித்துவிடும். ஓய்வும் இல்லாமல், சேமிப்பும் இல்லாமல் மெல்ல மெல்லக் கருகும். ஓர் உயிரை அப்படி வாட்டி வளர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நுவரெலியாவில் வளருமா?

அங்கே குளிர் உண்டு, சில இரவுகளில் துகள்பனியும் விழுகிறது. ஆனாலும் பல மாதங்கள் நீடிக்கும் உண்மையான குளிர்காலம் இல்லை, பகலின் நீளமும் பருவத்தோடு பெரிதாக மாறுவதில்லை. நுவரெலியாச் சுற்றுலாவில் பிள்ளைகள் ஃபிர் என்று காட்டுபவை பெரும்பாலும் சைப்ரஸ் மரங்கள். அவையும் வெளியிலிருந்து வந்தவைதான்.

அப்படியானால் நத்தாருக்கு வீட்டில் எதை வைப்பது?

சாடியில் வளரும் அரோகேரியாவைத்தான் நான் சொல்வேன். பசிபிக் தீவுகளிலிருந்து வந்த ஊசியிலை மரம். கடற்காற்றையும் உப்பையும் வெக்கையையும் தாங்கும். கிளைகள் அடுக்கடுக்காக வட்டமாக விரியும். நாற்றுமேடைகளில் நத்தார் மரம் என்றே விற்கிறார்கள். நடுவெயிலில் ஒரேயடியாக வைக்காமல், முதல் சில மாதம் அரைநிழலில் வைத்து, சாடியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் பல நத்தார்களுக்கு அதே மரம் போதும். நிலத்தில் நடுவதாக இருந்தால் வீட்டுக்கும் மின்கம்பிக்கும் விலகி நடுங்கள், மிக உயரமாக வளரும். உச்சியை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். வெட்டினால் பழைய வடிவம் திரும்ப வராது.

கடற்கரையிலுள்ள சவுக்கந்தோப்பில் கிளை வெட்டிவரும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பல இடங்களில் அவை காற்றுக்கும் மணலுக்கும் தடுப்பாக நடப்பட்டவை. கரையில் புதிதாக நட விரும்புகிறவர்கள் தாழை, புன்னை, பூவரசு போன்றவற்றை நடலாம். முன்வரிசை மணலை அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைக்கும் விட்டுவிடலாம். வாவியோரத்தில் கண்டல்தான் பொருத்தம்.

மகள் பேர்னில் இருக்கிறாள், அடுத்த ஆண்டு போகிறோம். உண்மையான வெள்ளி ஃபிரை எங்கே பார்க்கலாம்?

உங்களுக்கு வாய்ப்பு மிக அருகில் இருக்கிறது. பேர்னிலிருந்து எமென்டாலின் லங்னவ் ஊருக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதற்கு அருகே டூர்ஸ்ருட்டி என்ற காடு இருக்கிறது. 50 மீற்றரைத் தாண்டிய முதிய வெள்ளி ஃபிர் மரங்களுக்குப் பெயர்பெற்ற இடம். மே, ஜூன் மாதங்களில் போனால் கிளை நுனிகளில் இளம்பச்சைத் துளிர்களைக் காணலாம். செப்டெம்பர் தொடக்கம் என்றால் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் கூம்புகள் தெரியும், அதற்குத் தொலைநோக்கி ஒன்று கொண்டுபோங்கள். ஒக்டோபர் கடந்தால் வெறும் தண்டுகளே எஞ்சியிருக்கும். மரங்களுக்கடியில் இடுப்பளவில் நிற்கும் கன்றுகளை மிதித்துவிடாமல் நடைபாதையிலேயே செல்லுங்கள். அவற்றில் சில உங்கள் வயதை ஒத்தவை.